நெரிடா எழுதிய ஏழாவது விதி

நெரிடா கேட்ஹவுஸுக்கும் எனக்கும் பதினான்கு வருஷப் பழக்கம். அதில் முக்கால்வாசி சண்டை. நேருக்கு நேர் போட்டது கொஞ்சம்தான்; மீதி எல்லாம் எழுத்தில், ஊர் உலகம் பார்க்க. எங்கள் வேலையில் சண்டை போட்டுவிட்டு மறந்துபோக வழி கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் அவளை முசுடு என்று எழுதினது இன்றைக்கும் தேடினால் வரும்.

அவள் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. டாஸ்மேனியாவின் தெற்கே ஹியூவன்வில் ஊரில், ஒரு கால்நடை மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். நாய் கத்தினாலும் நாயின் சொந்தக்காரர் கத்தினாலும் ஒரே முகத்தோடு உட்காரச் சொல்வாள். புருஷன் கோலுக்கு டோவர் பக்கம் கடலில் சிப்பி வளர்ப்பு. பெருமழை பெய்தால் ஆற்றுத் தண்ணீர் விரிகுடாவில் வந்து கலக்கும். அந்த நாட்களில் சிப்பி எடுக்கக் கூடாது. எவ்வளவு மழை, ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கருவிகளைப் படித்து, சிப்பிக்காரர்கள் போனுக்கும் படகுக்காரர்கள் போனுக்கும் எச்சரிக்கை அனுப்புகிற மென்பொருள்தான் எங்கள் கம்பூட். சேற்றில் இறங்கப் போடுகிற ரப்பர் பூட்ஸின் பெயரை அதற்கு வைத்தோம்.

அதை முதலில் எழுதியவன் ஃபெர்கஸ் பென்வார்டன். மூளைக்காரன், வாய்க்கொழுப்பும் அதே அளவு. எழுதினதைப் பூட்டி வைக்காமல் ஊருக்குத் திறந்துவிட்டான். யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்தி அனுப்பலாம். வருகிற திருத்தங்களைப் பார்த்துச் சேர்ப்பதும் மறுப்பதும் சாவி, அதாவது உள்ளே மாற்றுகிற உரிமை, வைத்திருக்கிற இருபத்துமூன்று பேரின் வேலை. சம்பளம் கிடையாது. நான் ஹோபார்ட்டில் நாற்பது வருஷம் மீன்பிடிப் படகு ரேடியோக்களைப் பழுது பார்த்தவன். கருவிகளோடு பேசுகிற பகுதி என் கைவேலை. நெரிடா உள்ளே வந்தது எப்படியென்றால், எங்கள் செய்முறைக் குறிப்பில் முப்பத்தாறு தப்பு இருக்கிறது என்று பட்டியல் போட்டு ஒரு கடிதம் எழுதினாள். ஃபெர்கஸ், "அவ்வளவு தெரிந்தால் நீங்களே எழுதுங்கள்" என்று பதில் போட்டான். எழுதினாள். பிறகு சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதையும் கற்றுக்கொண்டாள். புதுப் பதிப்பு வெளியிடுவது, மெயில்களைப் பிரித்து அனுப்புவது என்று யாரும் தொட விரும்பாத வேலை எல்லாம் ஒவ்வொன்றாக அவள் தலையில் வந்து விழுந்தது. நாங்கள் யாரும் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இரண்டு வருஷம் முன்பு, நியூசிலாந்திலிருந்து ஒரு நல்ல பொறியாளர், பெண், ஒரு திருத்தம் அனுப்பினார். ஃபெர்கஸ் எல்லோரும் பார்க்க, "இதை முழங்கையால் எழுதினாயா" என்று கேட்டான். அந்தப் பெண் பதில் பேசாமல் போய்விட்டார். திரும்ப வரவேயில்லை. அதற்கு அடுத்த வாரம் நெரிடா ஒன்பது நடத்தை விதிகளை எழுதிப் பொதுவில் வைத்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது அறுபது வயது ஆட்களுக்குப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டுகிற மாதிரி விதியா என்று கேட்டேன். எவனாவது வம்பு செய்தால் அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போவோம் என்று எழுதினேன். அதற்கு அவள், "டெஸ்மண்ட், உனக்கு ஆறடி இரண்டு அங்குலம். உனக்கு அது சுலபம்" என்று எழுதினாள். நானூறு மெயில் போனது அந்த வாதம். மூன்று பேர் கோபித்துக்கொண்டு விலகினார்கள், இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

அதிகம் அடித்துக்கொண்டது ஏழாவது விதிக்கு. சாவி வைத்திருப்பவர் யாரையாவது பொதுவில் இழிவாகப் பேசினால் ஆறு மாதம் சாவி பறிக்கப்படும். அந்த ஆறு மாதம் அவருக்கு ஓட்டும் கிடையாது. குறைப்பு கிடையாது. ஃபெர்கஸுக்குத் தைத்த சட்டை என்று எல்லோருக்கும் தெரியும். புகாரை விசாரிப்பவர் பார்த்துக் குறைக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி நான் மன்றாடினேன். மாட்டேன் என்றாள்.

"குறைக்கலாம்னு ஒரு வரி எழுதினா, அது ஃபெர்கஸுக்கு மட்டும்தான் குறையும். வெளியூர்லருந்து புதுசா வர்றவங்களுக்கு ஒரு நாளும் குறையாது," என்றாள் போனில்.

ஒரு வருஷம் பரீட்சித்துப் பார்ப்பது, அடுத்த ஜனவரி கூட்டத்தில் மறுபடி ஓட்டுக்கு விடுவது என்று முடிவானது. ஓட்டு சமமானால் விதிகள் ரத்து, அவற்றின் கீழ் ஓடிக்கொண்டிருக்கும் தண்டனைகளும் ரத்து. இந்த வரி மட்டும் நான் அடம் பிடித்துச் சேர்க்க வைத்தது. பன்னிரண்டுக்குப் பதினொன்று என்று விதிகள் நிறைவேறின. பதினொன்றில் நான் ஒருவன்.

புகார் அனுப்ப ஒரு மெயில் முகவரி வேண்டும், அதைப் படிக்க ஆட்கள் வேண்டும். நெரிடா மூன்று பேர் கேட்டாள். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: எழுபத்திரண்டு மணி நேரம் எவரும் வாயைத் திறக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று அர்த்தம். வேலைக்கு ஆள் கேட்டு எழுபத்திரண்டு மணி நேரம் எவரும் வாயைத் திறக்காவிட்டால், கேட்டவருக்கே அந்த வேலை என்று அர்த்தம். ஆக அந்த முகவரிக்கு வருவதெல்லாம் நெரிடாவின் பெட்டிக்கு மட்டும் போகும்படி அவளே அமைத்தாள். தற்காலிகம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினாள். இலவச மென்பொருள் செய்கிற எந்தக் கும்பலிலும் தற்காலிகம் என்று எழுதப்பட்டதுதான் கடைசிவரை இருக்கும். பதினொரு மாதத்தில் அங்கே வந்தது தலைமுடி வளர்க்கும் தைல விளம்பரங்கள்தான்.

அந்த வருஷக் கடைசியில் எங்களுக்கு வேறொரு தொல்லை. கேட்டால் எழுதித் தருகிற மெஷின்கள் வந்துவிட்டன அல்லவா, கண்ட கண்ட ஆட்கள் அதில் எதையாவது எழுதச் சொல்லி, படித்துக்கூடப் பார்க்காமல் எங்கள் பக்கம் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றையும் படித்துத்தான் குப்பை என்று கண்டுபிடிக்க வேண்டும். டிசம்பரில் மட்டும் நெரிடா நாற்பதுக்கு மேல் மூடினாள். கோலுக்குத் தோளில் அறுவை சிகிச்சை, சிப்பி வேலையும் அவள் தலையில். அப்போது டோங்கா நாட்டின் வவாவு தீவிலிருந்து, முன்பின் தெரியாத ஒரு பெயரில், நான்கு நிமிஷத்துக்குள் பதினொரு திருத்தங்கள் வந்து விழுந்தன. மனுஷ ஜன்மம் நான்கு நிமிஷத்தில் பதினொன்று எழுதாது. நெரிடா ஒன்றைத் திறந்தாள், தெரியாத மொழி. மற்ற பத்தைத் திறக்கவில்லை.

"மெஷின் துப்பின குப்பை. பதினொன்றையும் மூடுகிறேன். இனி இந்தப் பக்கம் வராதே," என்று பொதுவில் எழுதி, அந்தப் பெயரையும் உள்ளே வர முடியாமல் அடைத்தாள். கீழே பத்தொன்பது பேர் கட்டைவிரல் உயர்த்திப் பாராட்டினார்கள்.

ஜனவரி கூட்டம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை அவள் கார் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. பதினான்கு வருஷத்தில் என் வீட்டுக்கு வந்ததே இல்லை. டீ வேண்டாம் என்றாள். மடித்த காகிதம் ஒன்றை மேசையில் வைத்து, படி என்றாள்.

புகார். எழுதியவர் பெயர் லொசாலினே வைகோனா, வவாவு துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. தீவுக்கு வரும் இணைப்பு அறுந்து மூன்று வாரம் இணையம் இல்லாமல் கிடந்ததாம். அந்த மூன்று வாரமும் அலுவலக வேலை முடிந்து உட்கார்ந்து, கம்பூட் அனுப்புகிற எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக டோங்கா மொழியில் எழுதியிருக்கிறார். இணைப்பு வந்த அன்றைக்குச் சேர்த்து வைத்த எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறார். அதனால்தான் நான்கு நிமிஷத்தில் பதினொன்று. "நெரிடா என்பவர் என்னை ஏமாற்றுக்காரி என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பதில் சொல்ல வழியில்லாமல் என்னை அடைத்துவிட்டார். இதைப் படிப்பவர் யாரானாலும், தயவுசெய்து அவரை விசாரியுங்கள்" என்று முடிந்திருந்தது.

"இது யாருக்கெல்லாம் போயிருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும்."

"உன்னைப் பத்தின புகார், உனக்கு மட்டுமா?"

"ஆமா. புதன்கிழமை பதினோரு மணிக்கு வந்துச்சு. நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள பதில் போகணும். அதுவும் நான் எழுதின விதிதான்."

"அழிச்சிருந்தா ஒரு ஈ காக்காய்க்குத் தெரிஞ்சிருக்காதே."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "புதன்கிழமை சாயங்காலம் அழிச்சேன். வியாழக்கிழமை காலைல குப்பையிலருந்து எடுத்தேன். நடுவுல என்ன நினைச்சேன்னு கேக்காத."

கேட்கவில்லை. ஏன் என்னிடம் வந்தாய் என்று மட்டும் கேட்டேன்.

"விசாரிக்கிறவன் என் ஆளா இருக்கக் கூடாது. உன்னை என் ஆளுன்னு இந்த உலகத்துல ஒருத்தனும் சொல்ல மாட்டான்."

நான் நல்லவன் இல்லை. அந்த நேரத்திலும் எனக்கு உள்ளே இனித்தது. குறைக்கலாம் என்று ஒரு வரி போடச் சொல்லி எவ்வளவு கெஞ்சினேன், கேட்டாயா என்று சொல்லிக் காட்டினேன். அவள் காகிதத்தின் மடிப்பை நகத்தால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூணு மாசம்னு போட முடியுமா டெஸ்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "வேண்டாம். நான் கேக்கல. நான் கேட்டதா நீ வெச்சுக்காத," என்று எழுந்து போய்விட்டாள்.

புகாரில் தொலைபேசி எண் இருந்தது. அவர்களுக்கு எங்களைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகப் பொழுது ஓடும். மதியச் சாப்பாடு முடித்து உட்கார்ந்திருந்தார் லொசாலினே. குரல் தணிவாக இருந்தது, பயந்த குரல் இல்லை. அவர் ஊர்ப் படகுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் வருகிற எச்சரிக்கையில் எது கவனம், எது கரைக்குத் திரும்பு என்று தெரியவில்லையாம். போன வருஷம் ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டு வெளியே போய், இரண்டு நாள் கழித்து இழுத்து வந்திருக்கிறார்கள். அதற்காகத்தான் எழுத ஆரம்பித்திருக்கிறார். எழுதி முடித்ததும் அலுவலகத்தில் பெருமையாகச் சொல்ல, மேலதிகாரி வந்த விருந்தாளிக்குக் காட்டுவதற்காக எங்கள் பக்கத்தைத் திறந்திருக்கிறார். மெஷின் துப்பின குப்பை என்று இருந்தது. அன்றிலிருந்து அவர் எழுதுகிற ஒவ்வொரு அலுவலகக் கடிதத்தையும் அந்த மனுஷர் இரண்டு தடவை படித்துப் பார்க்கிறாராம்.

நான் இருமினேன், மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னேன். அவர் நிறுத்தினார்.

"அந்தம்மா எழுதினதுக்குக் கீழ பத்தொன்பது பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தாங்க. நான் ஒவ்வொரு பேரையும் படிச்சேன். உங்க பேரு டெஸ்மண்ட்தானே? நீங்க நாலாவது."

எனக்குக் காது சுட்டது. நான் தூக்கினது எனக்கு நினைவே இல்லை. காலையில் காபி குடித்துக்கொண்டே ஏதோ ஒரு நாள் அழுத்தியிருப்பேன். அப்படியானால் நான் விசாரிக்கத் தகுதியில்லை, வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றேன்.

"தூக்காதவங்க யாரு இருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு? ஃபெர்கஸ்னு ஒருத்தரும் இன்னும் ரெண்டு பேரும். அந்த ஃபெர்கஸ் பேசினதையும் படிச்சிருக்கேன். நீங்களே விசாரிங்க. உங்களுக்காவது வெக்கமா இருக்குன்னு தெரியுது."

என்ன வேண்டும் என்று கேட்டேன். இரண்டு வேண்டும் என்றார். எந்த இடத்தில் சொன்னார்களோ அதே இடத்தில் தப்பு என்று எழுத வேண்டும். பிப்ரவரியில் புயல் வரும், அதற்கு முன் அந்தப் பதினொன்றும் வெளியே போக வேண்டும். நெரிடாவுக்கு ஆறு மாதம் என்று விதி இருக்கிறது, புதுப் பதிப்பு வெளியிடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், என்ன செய்யலாம் என்று சங்கடத்தை அவர் மேலேயே இறக்கி வைத்தேன். அது என் பக்கக் கோழைத்தனம்.

"விதி உங்க வீட்டு விதி. நான் எழுதல. என்னைக் கேட்டு வளைக்காதீங்க," என்றார்.

சனிக்கிழமை காலை டெர்வென்ட் ஆற்றங்கரையில் படகோட்டிகள் கிளப்பின் ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கணக்கு எனக்கு உறைத்தது. போன வருஷம் பன்னிரண்டுக்குப் பதினொன்று. ஒருத்தரும் மனசு மாறவில்லை, மெயில்களைப் படித்தாலே தெரியும். நெரிடாவின் சாவியைப் பறித்தால் அவள் ஓட்டும் போகும். பதினொன்றுக்குப் பதினொன்று. விதிகள் ரத்து. இது வெள்ளிக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றபோதே அவளுக்குத் தெரிந்திருக்கும். ஓட்டுக் கணக்கு வைத்திருப்பதே அவள்தான். தெரிந்துதான் வந்திருக்கிறாள்.

தலைவன் என்கிற முறையில் ஃபெர்கஸிடம் மட்டும் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு யோசித்தான், பிறகு என் தோளைத் தட்டினான்.

"யோவ் டெஸ், இதுல என்னய்யா குழப்பம்? நீ ஆறு மாசம்னு அறிவிச்சுடு. உடனே ஓட்டு விடுவோம். சமமாகும். விதியும் போச்சு, தண்டனையும் போச்சு. நீ போட வெச்ச வரிதான் அது. திங்கக்கிழமை அவ வழக்கம்போல வேலையைப் பாப்பா. அந்த டோங்காப் பொண்ணோட பதினொன்னும் வெளிய போயிடும். யாருக்கும் நஷ்டமில்ல. நீ ஒன்னும் பண்ண வேண்டாம், போன வருஷம் மாதிரியே கையைக் கீழ வெச்சுக்கோ."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் உடைத்துப் போட்டதை எல்லாம் பதினான்கு வருஷம் பொறுக்கி ஒட்டினவள் அவள். அவள் மேல் அவனுக்கு நிஜமாகவே பிரியம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. விதிகளை ஒழிக்க நான் ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். அவளையும் காப்பாற்றியதாகும். கையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பதைவிடச் சுலபமான தர்மம் உண்டா?

பத்து மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். பெரும்பாலும் நேரில், ஐந்தாறு பேர் திரையில். நெரிடா பின்வரிசையில் உட்கார்ந்தாள், கோட்டைக் கழற்றவில்லை. நான் எழுந்து, ஒரு புகார் வந்தது, விசாரித்தேன், உண்மை, ஏழாவது விதிப்படி நெரிடா கேட்ஹவுஸின் சாவி இன்று முதல் ஆறு மாதத்துக்குப் பறிக்கப்படுகிறது என்று படித்தேன். புகார் கொடுத்தவர் பெயரை விதிப்படி சொல்லவில்லை. பிறகு பக்கவாட்டில் எவனோ, விரித்த வலையில் விரித்தவளே முதல் மீனா என்று முணுமுணுக்க, நாலு பேர் சிரித்தார்கள்.

நெரிடா எழுந்தாள். "புகார் நிஜம். அதை எழுதினவங்க மெஷின் இல்ல, மூணு வாரம் கஷ்டப்பட்ட மனுஷி. நான் பத்தைத் திறந்துகூடப் பாக்கல," என்றாள். குரல் உடைந்தது, அவள் அதை மறைக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு படகுத்துறைப் பக்கம் போய்விட்டாள். பத்து நாற்பதுக்கு நான் லொசாலினேவுக்கு முடிவை எழுதி அனுப்பினேன்.

பிறகு ஓட்டு. விதிகள் தொடர வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றான் ஃபெர்கஸ். திரையில் நான்கு, ஹாலில் ஏழு. அவன் சத்தமாக எண்ணினான். பதினொன்று என்று சொல்லிவிட்டு நிறுத்தி, என்னைப் பார்த்தான். இன்னும் யாராவது என்று கேட்க வேண்டியது முறை. கேட்டான்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நெரிடா மேல், இப்படி ஒரு விதியை எழுதியதற்கு. அதைவிட அதிகமாக என் மேல். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போவோம் என்று நானூறு மெயில் எழுதினவன் நான். வவாவு தீவில் வாய் அடைக்கப்பட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் யார் முகத்துக்கு நேரே போய்ச் சொல்லியிருக்க முடியும்? அந்த ஒரு முகவரியைத் தவிர அவருக்கு வேறு கதவே இல்லை. அதையும் இன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து நான் மூடிவிட்டால், நாலாவது கட்டைவிரலை மறுபடி ஒரு தடவை தூக்கின மாதிரிதான்.

கையைத் தூக்கினேன். ஹாலில் யாரோ "டெஸ்ஸா?" என்று கேட்டது காதில் விழுந்தது. ஃபெர்கஸ் என்னை முறைத்தபடி பன்னிரண்டு என்றான். எதிர்த்துப் பத்து.

படகுத்துறையில் நெரிடா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் வருகிற சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"எத்தனை?"

"பன்னெண்டு, பத்து."

"எது பன்னெண்டு?"

"உன் பக்கம்."

அவள் மெதுவாகத் திரும்பினாள். மனசுக்குள் ஒவ்வொரு பெயராக எண்ணுவது முகத்தில் தெரிந்தது. கடைசியில் கண் என் மேல் வந்து நின்றது. நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"அப்ப ஆறு மாசம் நிஜமாவே ஆறு மாசம்," என்றாள்.

"ஜூலை வரைக்கும்."

"சர்வர் பாஸ்வேர்டெல்லாம் உன்கிட்ட தரணும். நீ எதையாவது உடைப்ப."

"உடைப்பேன்."

அவள் அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், குழந்தை மாதிரி. பதினான்கு வருஷம் தினமும் காலையில் எழுந்ததும் முதலில் திறந்து பார்த்த இடத்திலிருந்து அவளை வெளியே தள்ளினது என் கைதான்.

சாவியைப் பறிப்பதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்ய அனுமதித்தேன். டிசம்பரில் குப்பை என்று எழுதின அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், என் மடிக்கணினியில் உட்கார்ந்து எழுதினாள். காரணம் எதுவும் சொல்லவில்லை. கோலின் தோளைப் பற்றி, நாற்பது குப்பைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நான் படிக்காமல் சொன்னேன். நான் சொன்னது பொய். இது லொசாலினே வைகோனாவின் சொந்த உழைப்பு" என்று மூன்றே வரி. பெயரைப் போடலாம் என்று லொசாலினேவே அனுமதி அனுப்பியிருந்தார். மேலதிகாரி படிக்கட்டும் என்றாராம். அதன் கீழே நாலாவது கட்டைவிரல் என்னுடையது, வெட்கப்படுகிறேன் என்று நான் எழுதினேன். பிறகு லொசாலினேவின் பெயரை அடைத்திருந்ததை நீக்கிவிட்டு, நெரிடாவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கும் பொத்தானை அழுத்தினேன். நிச்சயமா என்று மெஷின் கேட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நெரிடா, ஆமாம் என்று போடு என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பதில் வந்ததா, பதில் வந்ததா என்று நெரிடா. அவளால் இப்போது உள்ளே போய் எழுத முடியாது, பதிலும் போட முடியாது. வெளியாள் மாதிரி பார்க்க மட்டும் முடியும். பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள், என்னைக் கேட்பது மனசு தாங்காமல். டோங்காவில் ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் வேலை செய்ய மாட்டார்கள், சர்ச்சுக்குப் போவார்கள், போய்த் தூங்கு என்று திட்டினேன். திங்கள், செவ்வாயும் பதில் இல்லை. இனி வராது என்றாள் நெரிடா. நானும் அப்படித்தான் நினைத்தேன், அவளிடம் சொல்லவில்லை.

நான் பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து, லொசாலினேவிடம் போனில் கேட்டுக் கேட்டுச் சேர்த்தேன். மன்னிப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. புதுப் பதிப்பு வெளியிட எனக்கு எட்டு நாள் ஆனது. நெரிடா ஒரு மதியத்தில் முடிப்பாள். இரண்டு தடவை சர்வரைப் படுக்க வைத்தேன். ஜனவரி கடைசியில் எச்சரிக்கைகள் டோங்கா மொழியில் வவாவு படகுக்காரர்களுக்குப் போயின.

அடுத்த நாள் லொசாலினே பன்னிரண்டாவதாக ஒரு திருத்தம் அனுப்பினார். எச்சரிக்கை இல்லை, பயன்படுத்துவது எப்படி என்கிற செய்முறைக் குறிப்பு, டோங்கா மொழியில். அவசரமில்லாத வேலை. யார் சரிபார்க்க வேண்டும் என்கிற இடத்தில் நெரிடா கேட்ஹவுஸ் என்று பெயர் கொடுத்திருந்தார். இந்தப் பெயருக்கு அனுமதி இல்லை என்று மெஷின் திருப்பி அனுப்பியிருந்தது.

நான் போன் செய்து, நானே பார்த்து இன்றைக்கே சேர்த்துவிடுகிறேனே என்றேன்.

"வேண்டாம். குப்பைன்னு சொன்னவங்கதான் படிச்சுட்டு நல்லா இருக்குன்னு சொல்லணும். ஒரு வரி விடாம படிக்கணும். ஜூலை வரைக்கும் அது அங்கயே திறந்து கெடக்கட்டும்," என்றார் லொசாலினே.

நெரிடாவைக் கூப்பிட்டு அதைச் சொன்னேன். மருத்துவமனையில் இருந்தாள், பின்னால் ஏதோ நாய் குரைத்துக்கொண்டிருந்தது.

"டோங்கா மொழி எங்க கத்துக்கலாம்னு விசாரிச்சுச் சொல்லு டெஸ்," என்றாள். "ஜூலைக்கு ஆறு மாசம்கூட இல்ல."